பூவோடு போன பாஸ்போர்ட்

இந்தத் தடவை கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்கு எக்ஸ்சேஞ்சுக்குப் போற பசங்களில் நாலு பேர் தமிழ்ப் பசங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கன்னு கேட்டாங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. படிக்கத் தெரிஞ்சவன் மத்தவனுக்கு வாசிச்சுக் காட்டட்டும்.

மெஷினைப் பத்தி எழுதப் போறதில்லை. அது அங்கேயும் இங்கேயும் ஒண்ணுதான். தத்தாவோட பாஸ்போர்ட்டைப் பத்தி எழுதறேன்.

தத்தாவை உங்களுக்குத் தெரியும். புனே பக்கத்துத் தளேகாவ்காரன், மராட்டிப் பையன். ரெண்டாவது லைனில் நிற்கிறானே, அவன்தான். இதை எழுதலாமான்னு அவனைக் கேட்டேன். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நின்னுக்கிட்டிருந்தோம். டீயைக் குடிச்சு முடிச்சான்.

"எழுதுங்க அண்ணா. பாபாவும் இப்போ இல்ல. ஆத்துல விட்டதையும் எழுதுங்க"ன்னான்.

பாபான்னது அவன் அப்பாவை. அதனால் எழுதறேன்.

அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு. நான் வேலைக்குச் சேர்ந்தது கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையில். அங்கே ஒரு ஃபோர்மேன் இருந்தார். பேர் வேண்டாம். ஒருநாள் பவர் பிரஸ்ஸில் ஒருத்தன் கை மாட்டிக்கிச்சு. ஆளாளுக்குக் கத்தினாங்க. ஃபிட்டரைக் கூப்பிடுன்னான் ஒருத்தன். கேஸ் வச்சு அறுக்கலாம்னான் இன்னொருத்தன். ஃபோர்மேன் வந்தார். பார்த்தார். ஃபிளைவீலைக் கையால் பின்னாடி திருப்புங்கடான்னார். திருப்பினோம். கை வந்தது. ரெண்டு விரல் வரலை.

ஃபிட்டர் வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா விரல் தப்பியிருக்கும்னு அப்புறம் பேசினாங்க. நான் அவர்கிட்டயே கேட்டேன்.

"தப்பியிருக்கலாம். கையே போயிருக்கவும் செய்யலாம். எவனுக்குத் தெரியும்?"னார். "ஆனா அவன் என் மூஞ்சியைப் பார்த்தான்டா. என்னை மட்டும்தான் பார்த்தான்."

அப்போ எனக்கு அது புரியலை.

இப்போ தத்தா விஷயம்.

ஒரு வருஷம் எங்க மெஷின் ஷாப்பிலிருந்து ரெண்டு பேரை ஜெர்மனிக்கு அனுப்பினாங்க. நானும் தத்தாவும். அங்கேயிருந்து ரெண்டு பேர் இங்கே வந்தாங்க. சின்ன ஊர். பிளான்ட்டுக்குப் பின்னாடி ஹாஸ்டல், ஹாஸ்டலுக்குப் பின்னாடி ஆறு. அகலம் ஜாஸ்தியில்லை. ஆனா இழுப்பு உண்டு. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம். சமையல் நான். பாத்திரம் அவன்.

போய்க் கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. மராட்டிக்காரங்களுக்கும் அன்னிக்குத்தான். கண்டே நவமின்னு சொல்வாங்க. ரூமில் சும்மா இருக்க மனசு வரலை. ஷெல்பில் பேப்பர் விரிச்சு, அவன் கொண்டு வந்த சின்னச் சாமி படத்தை வச்சோம். ஊதுவத்தியைக் கொளுத்தலை. கொளுத்தினா அலாரம் அடிச்சு ஃபயர் இன்ஜின் வந்துடும். சும்மா நிறுத்தி வச்சோம்.

நான் அளவு பார்க்கற என் வெர்னியரை வச்சேன். இங்கேயிருந்து கொண்டு போனது. தத்தாகிட்ட ஒண்ணும் இல்லை. யோசிச்சான். பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வந்தான்.

"இது எதுக்குடா?"

"நம்ம ஆயுதம் எது அண்ணா இங்க? ஸ்பேனர் அவங்களோடது. மெஷின் அவங்களோடது. இது இல்லாட்டி கேட்டுக்குள்ளயே விடமாட்டான்."

"அப்போ விசா ஆபீசர் போட்டோவையும் வை. அவர்தான் குலதெய்வம்."

சிரிச்சான். பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் உறையோட படத்துக்கு முன்னாடி வச்சான். மேலே ஒரு பொட்டு. கடையில் தொட்டியோட செவந்திச் செடி வித்தாங்க. அதில் இருந்த பூவையெல்லாம் பறிச்சுப் போட்டான்.

மறுநாள் தசரா. இங்கே தசராவுக்கு ஆப்டா இலையைத் தங்கம்னு சொல்லி ஒருத்தருக்கொருத்தர் கொடுப்பாங்களே, அங்கே அந்த மரம் ஏது? ரோட்டில் மஞ்சளா உதிர்ந்து கிடந்த இலைகளைப் பை நிறையப் பொறுக்கிட்டு வந்தான். ஒவ்வொண்ணும் உள்ளங்கையைவிடப் பெரிசு. "இந்தாங்க அண்ணா தங்கம்"னு எனக்கு ஒண்ணு கொடுத்தான். மிச்சத்தை சாமி முன்னாடி கொட்டினான். ஷெல்பே தெரியலை.

நான் என் வெர்னியரைத் தேடி எடுத்துக்கிட்டேன். மறுநாள் ஷிஃப்டுக்கு அது வேணும்.

தத்தாவோட அம்மா தினமும் வீடியோவில் வருவாங்க. ஆயின்னுதான் நானும் சொல்வேன். என்னைவிட ரெண்டு மூணு வயசு பெரியவங்க. அவங்க என்னை அண்ணான்னு கூப்பிடுவாங்க. புனேயில் மதராஸி எல்லாருமே அண்ணாதானே.

தசரா முடிஞ்சு ஒருநாள், ஷெல்பில் வாடின பூவைப் பார்த்துட்டு, "இதை என்னடா பண்ணப் போறே?"ன்னாங்க.

"குப்பைத் தொட்டி இருக்கு ஆயி. இலை தழைக்குன்னு இங்க தனித் தொட்டி."

"சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையிலயா போடுவே? அங்க ஆறு இல்லையா?"

"இருக்கு."

"ஓடற தண்ணியில விடு. அண்ணா, இவன் சாப்பிடறானா? மூஞ்சி சின்னதாயிடுச்சு."

"நான் சமைக்கறதை வேற யாரும் சாப்பிட மாட்டாங்க, இவன் சாப்பிடறான்"னேன். சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் பார்த்தது அதுதான் கடைசி.

தத்தா படத்தை எடுத்துப் பெட்டியில் வச்சான். பேப்பரை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கினான். அப்படியே பையில் போட்டுக்கிட்டு ஆத்துக்குப் போனான். நான் சாதம் வச்சுக்கிட்டிருந்தேன். திரும்பி வந்து, "நல்லாப் போச்சு அண்ணா, இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு"ன்னான். அன்னிக்கு ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிட்டோம்.

கொஞ்ச நாள் கழிச்சு, சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. தத்தாவோட தம்பி சஞ்சு. ஆயி வாசலில் விழுந்துட்டாங்க, ஐசியுவில் வச்சிருக்காங்க, டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார்னான். தத்தா மூத்தவன். ஊருக்குப் போகணும்னான். ஆபீஸில் நல்லவங்க. யோசிக்கவே இல்லை. நாளைக்கு பிளேன், இப்பவே டிக்கெட் போடறோம், பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வான்னாங்க.

ரூமுக்கு வந்தோம். பெட்டியில் இல்லை. பெட்டியைக் கவிழ்த்தான். இல்லை. மெத்தையைத் தூக்கினான். என் பெட்டியையும் கொட்டினோம். அப்புறம் ஷெல்ப் முன்னாடி போய் நின்னான். வெறும் பலகையைக் கையால் தடவினான்.

"அண்ணா, இலை"ன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். கோட்டுகூடப் போடாமல் ஓடினான். நான் பின்னாடி போனேன். ஆத்தங்கரையோரமா ஓடறான். ஓடித் திரும்பி வர்றான். மறுபடி ஓடறான். விட்டு எத்தனையோ நாளாச்சு, என்ன இருக்கும்? ஒரு இடத்தில் கிளை விழுந்து குப்பை சேர்ந்திருந்தது. தண்ணியில் காலை வச்சுட்டான். காலரைப் பிடிச்சு இழுத்தேன்.

"வேற எங்கயாவது வச்சிருப்பேன் அண்ணா. இன்னிக்கு ஒருநாள் தேடலாம். ஆபீஸ்ல சொல்லாதீங்க."

"வேற எங்கேயும் வைக்கலை. ஆத்துல போயிடுச்சு. வா, போலீஸுக்குப் போகணும்."

கடுமையாத்தான் சொன்னேன். தேடிக்கிட்டே இருந்தா மனசுக்குச் சுகமா இருக்கும். ஒருநாள் போயிடும்.

ஆபீஸ் அம்மா ஒருத்தங்க எங்களோட போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாங்க. நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷில் சொல்ல, அவங்க அந்த ஊர்ப் பாஷையில் சொன்னாங்க. போலீஸ்காரர் எழுதறதை நிறுத்திட்டார்.

"ஆத்துல விழுந்துதா, போட்டாரா?"

"போட்டார்."

"எதுக்கு?"

அந்த அம்மா என்னைப் பார்த்தாங்க. எப்படிச் சொல்றது? மரியாதை பண்ணினோம்னு சொன்னேன். பூ வச்சு மரியாதை பண்ணினோம், பூவோட போயிடுச்சு. அவங்க அதை அப்படியே சொன்னாங்க போல. போலீஸ்காரர் தத்தாவை ஒரு தடவை பார்த்தார். நனைஞ்ச பேன்ட்டைப் பார்த்தார். ஒண்ணும் சிரிக்கலை. எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ரயிலேறி, நம்ம தூதரக ஆபீஸ் இருக்கிற ஊருக்குப் போனோம். என் பாஸ்போர்ட் என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. வழி பூரா அது என்னைக் குத்திக்கிட்டே இருந்தது.

கவுன்டரில் இந்திக்கார அம்மா. பாஸ்போர்ட்டுக்குப் பதிலா ஊர் திரும்ப மட்டும் ஒரு காகிதம் கொடுப்பாங்க. அதைக் கொடுக்கறதுக்கு, இவன் இந்த ஊர்க்காரன்தான்னு நம்ம ஊரிலேர்ந்து பதில் வரணும். அந்த அம்மா வேண்டிய மட்டும் பண்ணினாங்க. எங்க எதிரிலேயே போன் பண்ணினாங்க. அவங்க மேல குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அன்னிக்குப் பதில் வரலை. பக்கத்தில் ஒரு லாட்ஜில் படுத்தோம்.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் போய் உட்கார்ந்தோம். அது வியாழக்கிழமை. கொஞ்ச நேரத்தில் சஞ்சு போன் பண்ணினான். தத்தா காதில் வச்சான். கேட்டான். என்கிட்ட நீட்டினான்.

"அண்ணா, ஆயி போயிட்டா."

"எப்போடா?"

"இப்பத்தான். அண்ணா, பாபா கட்டில்லயே உட்கார்ந்திருக்கார். மருந்து சாப்பிட மாட்டேங்கறார். பெரியவன் வந்துதான் எடுக்கணும், அதுவரைக்கும் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேங்கறார். ஆஸ்பத்திரியில ஐஸ் பெட்டியில வைக்கலாம்ங்கறாங்க. வைக்கவா, எடுக்கவா? ஏதாவது சொல்லுங்க."

பாபாவுக்கு சுகர். நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர். அது எனக்குத் தெரியும்.

போனைக் கையில் பிடிச்சுக்கிட்டே கவுன்டருக்குப் போனேன். அந்த அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டி வச்சாங்க.

"பாய் சாப், பதில் வந்தா அஞ்சு நிமிஷத்துல கையில கொடுத்துடுவேன். வரலைன்னா என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"இன்னிக்கு வருமா?"

"வரலாம். திங்கட்கிழமையும் ஆகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். தத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருந்தான்.

பார்க்கலாம்னு சொல்லியிருக்கலாம். அப்புறம் பண்றேன்னு சொல்லி போனை வச்சிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. ஆனா அங்கே ஒரு வீடு அடுப்புப் பத்த வைக்காமல் நிற்குது. ஒரு கிழவர் மருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கார். திங்கட்கிழமைன்னா அவரும் தாங்க மாட்டார்.

"வைக்காதே சஞ்சு. இன்னிக்கே எடுத்துடு. நீ கொள்ளி வை"ன்னேன்.

"பாபா ஒத்துக்க மாட்டார் அண்ணா."

"பெரியவன்தான் சொன்னான்னு சொல்லு. தத்தாவே சொல்லிட்டான்னு சொல்லு. அப்போ கேட்பார்."

தத்தா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். வேண்டாம்னும் சொல்லலை. சரின்னும் சொல்லலை.

மத்தியானம் சஞ்சு வீடியோ போட்டான். ஆபீஸுக்கு வெளியே ஒரு பெஞ்சில் இருந்தோம். சுடுகாட்டுத் தகரக் கூரை தெரிஞ்சது. ஜனம் தெரிஞ்சது. முகத்தைக் காட்டறேன் பாருன்னு சஞ்சு அழறான். தத்தா போனைக் கவிழ்த்து மடியில் வச்சுக்கிட்டான். சத்தம் மட்டும் வந்தது. விறகு பத்தற சத்தம் வந்ததும் அவன் கை போனை அழுத்திப் பிடிச்சுக்கிச்சு. எங்க முன்னாடி ஒருத்தர் நாயைக் கூட்டிக்கிட்டு நடந்து போனார். "குட் டே"ன்னு சொல்லிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பதில் வந்துடுச்சு. அந்த அம்மா சொன்ன மாதிரியே, அஞ்சு நிமிஷத்தில் காகிதத்தைக் கையில் கொடுத்தாங்க. கொடுக்கும்போது அவங்க எங்களைப் பார்க்கலை.

அவனைத் தனியா அனுப்ப எனக்கு மனசில்லை. ஆபீஸில் கேட்டேன். கூடப் போன்னாங்க. என் எக்ஸ்சேஞ்ச் அதோட முடிஞ்சது. ஏர்போர்ட்டுக்குப் போற ரயிலில் தத்தா அந்தக் காகிதத்தை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டிருந்தான். அப்போதான் வாயைத் திறந்தான்.

"ரெண்டு நாள் வைக்கச் சொல்லியிருக்கலாம் இல்ல அண்ணா?"

"சொல்லியிருக்கலாம்."

காகிதத்தைச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டான்.

தளேகாவில் வீட்டுக்குள்ளே நுழைஞ்சதும் பாபா எழுந்து வந்தார். மகன் தோளைப் பிடிச்சுக்கிட்டார். "நீதான் எடுக்கச் சொன்னியாமே"ன்னார்.

நான் ரெண்டு அடி பின்னாடி நிற்கிறேன், பெட்டியோட. தத்தா திரும்பிப் பார்க்கலை.

"ஆமா பாபா. நான்தான் சொன்னேன்"னான்.

"அந்த ஊர்லேர்ந்துக்கிட்டு ஒரு வார்த்தையில சொல்லிட்டே"ன்னார் பாபா. போய் உட்கார்ந்துட்டார்.

பத்தாம் நாள் காரியம் இந்திராயணி ஆத்தங்கரையில். நானும் போனேன். தத்தாவும் சஞ்சுவும் மொட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பிண்டம் வச்சாச்சு. காக்கா வந்து தொடணும். நம்மளைவிட இவங்களுக்கு அதில் ரொம்ப நம்பிக்கை. தொடலைன்னா போனவங்களுக்கு ஏதோ குறைன்னு அர்த்தம். அன்னிக்குன்னு மரம் பூரா காக்கா. ஒண்ணுகூட இறங்கலை. வெயில் ஏறிடுச்சு. ஆயிக்கு என்ன குறையோன்னு, சஞ்சுவை நல்லா வச்சுப்போம்னு அவங்களுக்கு வாக்குச் சொல்லிப் பார்த்தாங்க. பாபாவைப் பார்த்துக்கறோம்னு சொல்லிப் பார்த்தாங்க.

அத்தை ஒருத்தி எல்லாருக்கும் கேட்கற மாதிரி சொன்னாள். "எப்படித் தொடும்? பெத்த பிள்ளையே தூக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டான். அவ யாரைத் தேடிக்கிட்டிருக்காளோ."

தத்தா தரையைப் பார்த்துக்கிட்டிருந்தான்.

நான் எழுந்தேன். சொன்னது அவன் இல்லை, நான்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன். தத்தா என் கையைப் பிடிச்சான். பலமாப் பிடிச்சான். "பாபா இருக்கார் அண்ணா"ன்னான், எனக்கு மட்டும் கேட்கற மாதிரி. "மூத்தவன் சொன்னான்னுதான் அவர் மருந்து சாப்பிட்டார். உட்காருங்க."

உட்கார்ந்தேன். பூஜைக்குப் போட்ட பூவை ஆத்தில் விடச் சொன்னது ஆயின்னும் அவன் யார்கிட்டயும் சொல்லலை. சஞ்சுகிட்டகூட. பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு மட்டும்தான் அந்த வீட்டுக்குத் தெரியும்.

கடைசியில் தர்ப்பையில் காக்கா மாதிரி செஞ்சு பிண்டத்தைத் தொட்டு எடுத்தாங்க. அப்படி ஒரு வழி உண்டாம்.

பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வைங்க, போனில் போட்டோ வைங்க, தொலைஞ்சா உடனே போலீஸுக்குப் போங்கன்னு கம்பெனிக்காரங்களே சொல்வாங்க. அதைக் கேளுங்க. நான் சொல்ல வந்தது அது இல்லை. போற இடத்தில் உங்களில் ஒருத்தன் இன்னொருத்தன் மூஞ்சியைப் பார்க்கற நேரம் வரும். அவனுக்கு அன்னிக்கு யோசிக்க வராது. நீங்க யோசிச்சு ஒரு பதில் சொல்லணும். அது சரியா தப்பான்னு ரொம்ப நாளைக்குத் தெரியாது. எனக்கு இன்னும் தெரியலை. அந்தப் பதிலை வேற ஒருத்தன் சுமக்க வேண்டி வரும்னும் எனக்கு அப்போ தெரியலை.

காரியம் முடிஞ்சதும் எல்லாரும் படியேறிப் போயிட்டாங்க. பூவும் மாலையும் ஒரு துணிப்பையில் கிடந்தது. அதை விடறது மூத்தவன் வேலை. தத்தா பையை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ளே முழங்கால் வரைக்கும் இறங்கினான். நான் கடைசிப் படியில் நின்னேன்.

பையைக் கவிழ்க்கப் போனவன் நிறுத்தினான். கையை உள்ளே விட்டான். அடி வரைக்கும் துழாவினான். பூவை ஒரு பக்கமா ஒதுக்கிப் பார்த்தான். மறுபடி துழாவினான்.

அப்புறம் படிக்கிட்ட வந்து பையை என்கிட்ட நீட்டினான்.

"நீங்களும் ஒரு தடவை பாருங்க அண்ணா."

வாங்கினேன். கையை விட்டேன். ஈரமா இருந்தது. சாமந்தி, துளசி, மாலை கட்டின நூல். நல்லாத் தேடிப் பார்த்தேன்.

"பூதான். விடு"ன்னேன்.

விட்டான்.